நிலத்தில் வேலை கற்க வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சிறிய நிலத்தில் தனக்கு வேண்டியதை விளைவித்து, முடிந்த வேலைகளைத் தன் கையாலேயே செய்து வாழ வேண்டும் என்ற ஆசையோடு வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. இத்தனை நாள் வாயால் சொல்லிவந்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உயிருக்கு ஆபத்தான இடங்கள் பற்றிய கேள்வியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

எங்கள் குடும்பத்தில் யாரும் விவசாயம் பார்த்ததில்லை. என்னால் முடியுமா?

முடியும். விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்குச் சிறு வயதிலேயே கண் பழகியிருக்கும். ஒரு செடி வாடி நின்றால் தண்ணீர் போதாமல் வாடுகிறதா, தண்ணீர் அதிகமாகி வேர் அழுகி வாடுகிறதா என்று நடந்து போகிறபோதே சொல்லிவிடுவார்கள். புதிதாக வருகிறவர் இரண்டுக்கும் தண்ணீரையே ஊற்றுவார். வித்தியாசம் இவ்வளவுதான். இரண்டு மூன்று பருவம் பொறுமையாகப் பார்த்தால் உங்களுக்கும் கண் பழகிவிடும்.

தினமும் நிலத்தை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். கையில் ஒரு நோட்டு இருக்கட்டும். என் முதல் வருட நோட்டில் ஓரிடத்தில், "மழை நின்று இரண்டு நாள் ஆகியும் கிழக்கு மூலையில் தண்ணீர் வடியவில்லை" என்று எழுதியிருந்தேன். எழுதியபோது அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. மறு வருடம் பழ மரக் கன்றுகளை எங்கே நடக்கூடாது என்று எனக்குச் சொன்னது அந்த ஒரு வரிதான்.

எவ்வளவு நிலத்தில் தொடங்குவது?

முதல் பருவத்துக்கு 20 சதுர மீட்டர் போதும். நிறைய நிலம் இருந்தாலும் அவ்வளவுதான் கொத்துங்கள். நான் முதல் முறை அதைப்போல் பத்து மடங்கு கொத்தினேன். விதைத்த மூன்றாவது வாரம் களை தலைக்கு மேல் போய்விட்டது, எது பயிர் என்றே தெரியவில்லை. சிறிய துண்டில் தவறு நடந்தால் ஒரு மாலையில் சரிசெய்துவிடலாம். பெரிய நிலத்தில் அதே தவறு ஒரு பருவத்தையே கொண்டுபோய்விடும். மீதி நிலத்தில் சருகோ வைக்கோலோ பரப்பி மூடாக்குப் போட்டோ, பயறு வகை எதையாவது தூவியோ விடுங்கள், மண் சும்மா வெயிலில் காயாது.

எதை முதலில் கற்க வேண்டும்?

தண்ணீர், மண், விதை, கருவி. கால்நடை அப்புறம். இந்த வரிசையில் எனக்குப் பிடிவாதம் உண்டு. ஆடு மாடு வாங்கிய பிறகு தண்ணீருக்கு அலைகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். செடி ஒரு நாள் பொறுத்துக்கொள்ளும், உயிருள்ள மிருகம் பொறுக்காது.

என் மண் எப்படிப்பட்டது என்று நானே தெரிந்துகொள்ள முடியுமா?

முடியும், அதற்குச் செலவும் இல்லை. ஒரு கைப்பிடி மண்ணை நனைத்துப் பிசைந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நாடா மாதிரி மெல்லத் தள்ளுங்கள். நாடாவே வராமல் உதிர்ந்தால் மணல். 2.5 செ.மீ.க்குள் ஒடிந்தால் வண்டல் கலந்த நல்ல மண். 5 செ.மீ.க்கு மேல் ஒடியாமல் நீண்டால் களிமண்.

இன்னும் துல்லியமாக வேண்டுமென்றால் ஒரு கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மண், மேலே தண்ணீர், ஒரு சிட்டிகை சோப்புத்தூள் போட்டு நன்றாகக் குலுக்கி அசையாமல் வையுங்கள். மணல் ஒன்றிரண்டு நிமிடத்தில் அடியில் தங்கிவிடும். அதன்மேல் வண்டல் படிய ஏறக்குறைய இரண்டு மணி நேரம். களி கடைசியாக, ஒரு நாளோ அதற்கு மேலோ எடுத்துக்கொண்டு படியும். மூன்று அடுக்கையும் அளவுகோல் வைத்து அளந்தால் உங்கள் மண்ணின் விகிதம் கண் முன்னால் நிற்கும்.

அப்புறம் 30 செ.மீ. ஆழத்தில் ஒரு குழி. ஒரு முறை தண்ணீர் ஊற்றி வடிய விட்டு, மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். 2.5 முதல் 7.5 செ.மீ. வரை இறங்கினால் நல்ல வடிகால். அதைவிடக் குறைவென்றால் மேட்டுப் பாத்தி போடுங்கள். களிமண்ணைச் சரிசெய்ய மணல் கொட்டலாமா என்று கேட்பார்கள். வேண்டாம், கொஞ்சம் மணல் கலந்த களி செங்கல் மாதிரி இறுகிவிடும். களிக்கும் மணலுக்கும் மருந்து ஒன்றுதான்: மக்கிய எரு, வருடா வருடம். கார அமில அளவும் சத்துகளும் தெரிய வேண்டுமென்றால் ஒரு முறை ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள், கை அதைச் சொல்லாது.

எருக்குவியல் நாறுகிறது. என்ன தவறு செய்கிறேன்?

காற்று இல்லை, அல்லது ஈரம் அதிகம். பெரும்பாலும் இரண்டும். பச்சைப் பொருள் (புல், சாணம், சமையலறைக் கழிவு) தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், தருவது. காய்ந்த பொருள் (சருகு, வைக்கோல், மரத்தூள்) கரிச்சத்து, அதாவது கார்பன், தருவது. நுண்ணுயிர்கள் வேகமாக வேலை செய்ய ஒரு பங்கு தழைச்சத்துக்கு 25 முதல் 30 பங்கு கரிச்சத்து வேண்டும். இதைத் தராசில் நிறுத்துப் பார்க்க வேண்டியதில்லை. பச்சை ஒரு கூடை, காய்ந்தது இரண்டு கூடை என்று தொடங்கி, நாறினால் சருகைக் கூட்டுங்கள், சூடே ஏறாவிட்டால் பச்சையைக் கூட்டுங்கள்.

குவியல் நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு மீட்டராவது இருக்க வேண்டும். அதைவிடச் சிறியது சூட்டைப் பிடித்து வைக்காது. உள்ளே 55 முதல் 65 டிகிரி வரை ஏறினால்தான் களை விதையும் நோய்க்கிருமியும் சாகும். ஓர் இரும்புக் கம்பியைக் குவியலின் நடுவே செருகி, கால் மணி நேரம் கழித்து உருவிப் பிடியுங்கள். கை பொறுக்காத சூடு என்றால் குவியல் வேலை செய்கிறது. சூடு தணியும்போது வெளியில் இருப்பதை உள்ளே தள்ளிப் புரட்டிப் போடுங்கள். ஈரத்துக்கு ஒரு பிடி எடுத்துப் பிழிந்து பாருங்கள்: விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு வந்தால் சரி, வடிந்தால் அதிகம்.

மழைநீரைச் சேமிப்பது உண்மையிலேயே பயன் தருமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் அது 1 லிட்டர். 50 சதுர மீட்டர் கூரையில் 10 மி.மீ. மழை என்றால் 500 லிட்டர். சிதறியும் ஆவியாகியும் போவது ஐந்தில் ஒரு பங்கு என்று கழித்தாலும் 400 லிட்டர் கைக்கு வரும். முதலில் விழும் மழை கூரையில் உள்ள எச்சத்தையும் தூசியையும் கழுவிக்கொண்டு வரும், அதை வெளியே விட்டுவிட்டுத் தொட்டிக்குத் திருப்புங்கள். இந்தத் தண்ணீர் செடிக்கு. குடிக்க வேண்டுமென்றால் வடிகட்டி, கொதிக்க வைத்த பிறகுதான்.

ஆனால் நிலத்தில் விழும் மழையை நிலத்திலேயே நிறுத்துவதுதான் பெரிய சேமிப்பு. சரிவான நிலமாக இருந்தால் சம உயரக் கோட்டில் வரப்பும் வாய்க்காலும் எடுக்க வேண்டும். அந்தக் கோட்டைக் கண்டுபிடிக்க மூன்று கம்பும் ஒரு கல்லும் போதும். ஏறக்குறைய 2 மீட்டர் நீளமுள்ள, ஒரே அளவான இரண்டு கம்புகளை உச்சியில் சேர்த்துக் கட்டி, கால்களை அகட்டி, நடுவில் ஒரு குறுக்குக் கம்பு கட்டுங்கள். உச்சியிலிருந்து நூலில் ஒரு கல்லைத் தொங்க விடுங்கள். இரண்டு காலையும் தரையில் ஊன்றி, நூல் குறுக்குக் கம்பைத் தொடும் இடத்தில் கரியால் ஒரு கோடு போடுங்கள். பிறகு கால்களை இடம் மாற்றி, அதே இரண்டு இடங்களில் வைத்து இன்னொரு கோடு. இரண்டுக்கும் சரி நடுவே போடுகிற குறிதான் மட்டம். இனி ஒரு காலை ஊன்றிவிட்டு, நூல் நடுக்குறியில் வந்து நிற்கும் வரை இன்னொரு காலை மேலும் கீழும் நகர்த்துங்கள், அங்கே ஒரு குச்சி அடியுங்கள். இப்படியே நடந்து போனால் நிலத்தின் குறுக்கே சமமட்டக் கோடு வளைந்து வளைந்து தெரியும். முதல் தடவை அந்தக் குச்சிகளின் வரிசையைப் பார்த்தபோது, அத்தனை நாள் நடந்த நிலம் எனக்குப் புதிதாகத் தெரிந்தது.

என் விதையை நானே எடுத்து வைக்கலாமா?

கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் எல்லாச் செடியிலும் ஒரே மாதிரி முடியாது. தக்காளி, பட்டாணி, தட்டைப்பயறு இவை பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்ப்பவை. தொடங்குகிறவர்களுக்கு இவையே நல்லவை. பூசணி, வெள்ளரி, மக்காச்சோளம், முள்ளங்கி போன்றவை பக்கத்துச் செடியோடு கலந்துவிடும். இரண்டு ரகப் பூசணியை அருகருகே போட்டு விதை எடுத்தால் அடுத்த வருடம் என்ன காய்க்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. மக்காச்சோளத்தில் இன்னொன்றும் உண்டு: நாலைந்து செடியிலிருந்து மட்டும் விதை எடுத்துக்கொண்டே போனால் தலைமுறைக்குத் தலைமுறை செடி நலிந்துவிடும். அதற்கு நூறு செடிக்கு மேல் வேண்டும். வீரிய ஒட்டு விதையில் (இரண்டு ரகங்களைக் கலந்து உருவாக்கிய விதை) விளைந்ததை எடுத்து வைத்து விதைத்தால் முளைக்கும், ஆனால் தாய்ச்செடி மாதிரி இருக்காது.

தக்காளி விதையைச் சுற்றி வழவழப்பான ஓர் உறை இருக்கும். பழத்தைப் பிழிந்து, சாற்றோடு இரண்டு மூன்று நாள் புளிக்க விட்டால் அது கரைந்துவிடும். கனமான நல்ல விதை அடியில் தங்கும், சக்கை மேலே மிதக்கும். கழுவி, நிழலில் உலர்த்துங்கள். காகிதத்தில் பரப்பினால் ஒட்டிக்கொள்ளும், தட்டில் பரப்புங்கள்.

சேமிப்பில் எதிரி ஈரம். விதையின் ஈரப்பதம் ஒரு சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். வைக்கிற இடத்தின் வெப்பம் 5 டிகிரி குறைந்தாலும் அப்படியே. நான் ஒரு முறை அவசரப்பட்டு, அரைகுறையாகக் காய்ந்த அவரை விதையை இறுக்கமான டப்பாவில் அடைத்தேன். இரண்டு மாதம் கழித்துத் திறந்தபோது சாம்பல் நிறப் பூஞ்சைதான் இருந்தது. மூன்று வருடமாகத் தேர்ந்து தேர்ந்து எடுத்து வந்த விதை அது. இன்றைக்கும் நினைத்தால் மனம் வலிக்கிறது. அதனால் சொல்கிறேன்: விதையைப் பல்லில் வைத்துக் கடித்துப் பாருங்கள். பல் பதிந்தால் இன்னும் காய வேண்டும், டக்கென்று உடைந்தால் அடைக்கலாம். பாதி விதையை இன்னொருவர் வீட்டில் கொடுத்து வையுங்கள்.

என்னென்ன கருவி வாங்க வேண்டும்?

மண்வெட்டி, கடப்பாரை, கைக்கொத்து, அரிவாள், கவாத்துக் கத்தரி, ஓர் அரம், ஒரு சாணைக்கல். இதற்கு மேல் தேவைப்படும்போது பார்த்துக்கொள்ளலாம். பலரும் விட்டுவிடுவது கடைசி இரண்டைத்தான். மழுங்கிய மண்வெட்டியோடு ஒரு மணி நேரம் வெட்டினால் இடுப்பு போய்விடும், தீட்டிய மண்வெட்டி தானாக இறங்கும்.

மண்வெட்டியை ஒரு கட்டையில் அசையாமல் பிடித்து, முன்பு இருந்த சாய்வின் மேலேயே அரத்தை வைத்து, முன்னோக்கி மட்டும் தள்ளுங்கள். அரம் தள்ளும்போதுதான் வெட்டும். திரும்பி வரும்போது தூக்கிக்கொள்ள வேண்டும், இழுத்தால் அரத்தின் பல் தேய்ந்துவிடும். ஒரே பக்கம் தீட்டினால் மறுபக்கத்தில் மெல்லிய பிசிறு எழும். விரலால் தடவினால் தெரியும். அதைக் கல்லால் இரண்டு இழுப்பு இழுத்து எடுத்துவிடுங்கள். பிடி வாங்கும்போது மரத்தின் ரேகை நீளவாக்கில் நேராக ஓடுகிறதா என்று பாருங்கள். ரேகை குறுக்கே ஓடினால் அந்த இடத்தில்தான் ஒரு நாள் ஒடியும்.

பூச்சி வந்தால் என்ன செய்வது?

முதலில் ஒரு பூதக்கண்ணாடி எடுத்துக்கொண்டு உட்கார்ந்து பாருங்கள். செடியில் இருக்கிற எல்லாப் பூச்சியும் எதிரி இல்லை. பொறிவண்டின் புழு கறுப்பாக, முதலை மாதிரி பயமுறுத்தும் தோற்றத்தில் இருக்கும். அது செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சியைத் தின்று செடியைக் காப்பாற்றுகிறது. புதியவர்கள் முதலில் நசுக்குவது அதைத்தான்.

இந்தோனேசியாவில் நெல் வயல்களில் புகையான் என்ற சாறு உறிஞ்சும் பூச்சி பெருகி நாசம் செய்தது. தெளித்த மருந்து புகையானைத் தின்னும் சிலந்திகளையும் மற்ற இயற்கை எதிரிகளையும் கொன்றதுதான் அது அப்படிப் பெருகக் காரணம். 1986-ல் அந்த நாட்டு அரசு 57 பூச்சிக்கொல்லிகளை நெல்லில் பயன்படுத்தத் தடை விதித்தது. 1989-ல் அங்கே உழவர் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. இருபது முப்பது பேர் வாரம் ஒரு முறை வயலில் கூடுவார்கள். ஒரு பருவம் முழுக்கப் பயிரைக் கையால் தொட்டுப் பார்த்து, எண்ணி, படம் வரைந்து, தெளிக்கலாமா வேண்டாமா என்று அவர்களே பேசி முடிவெடுப்பார்கள். அந்த முறை பிறகு பல நாடுகளுக்குப் பரவியது. பூச்சியைப் பற்றி நான் கேள்விப்பட்டதில் இதைவிட நல்ல பாடத்திட்டம் வேறில்லை. நாலு பேர் சேர்ந்து உங்கள் நிலத்திலும் செய்யலாம்.

கோழியா, ஆடா, மாடா?

கோழி. குஞ்சு பொரிக்க 21 நாள். தாய் இல்லாத குஞ்சுகளுக்கு முதல் வாரம் ஏறக்குறைய 35 டிகிரி சூடு வேண்டும், பிறகு வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைக்கலாம். வெப்பமானியைவிடக் குஞ்சுகளே நன்றாகச் சொல்லும்: விளக்கடியில் ஒட்டிக்கொண்டு கத்தினால் குளிர்கிறது, ஓரத்துக்கு ஓடி வாயைப் பிளந்தால் சூடு அதிகம், பரவலாகப் படுத்திருந்தால் சரி. கூட்டின் கதவை இருட்டுவதற்கு முன் அடைக்க ஒருவர் தினமும் இருக்க வேண்டும். ஒரு நாள் மறந்தால் போதும், கீரியோ நாயோ வந்துவிடும்.

ஆடு வாங்கினால் குறைந்தது இரண்டு வாங்குங்கள், தனி ஆடு ஏங்கிப்போகும். சினைக்காலம் ஏறக்குறைய 150 நாள். மாட்டுக்கு 280 நாளுக்கு மேல். கறவை மாடு வெயில் காலத்தில் ஒரு நாளைக்கு 100 லிட்டர் வரைகூடத் தண்ணீர் குடிக்கும். பால் கறக்க ஒரு நாளும் விடுமுறை கிடையாது. வாங்குவதற்கு முன் மாடு வைத்திருக்கிற ஒருவர் வீட்டில் ஒரு மாதம் போய்க் கறந்து பாருங்கள்.

விளைந்ததைக் கெடாமல் வைப்பது எப்படி?

உலர்த்துவதும் உப்பிலோ புளிப்பிலோ போடுவதும் கற்றுக்கொள்ளப் பாதுகாப்பானவை. காற்றுப் புகாத புட்டியில் காய்கறியை அடைத்து மாதக்கணக்கில் வைப்பதில் மட்டும் மிகவும் கவனமாக இருங்கள். புளிப்பு குறைந்த பொருளில் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற நுண்ணுயிர் விஷத்தை உண்டாக்கும், அதன் வித்து சாதாரணக் கொதிநீரில் சாகாது. அழுத்தக் கொதிகலனில் 121 டிகிரி வரை ஏற்றி, சோதித்த நேர அளவுப்படி செய்தால்தான் சாகும். விஷம் ஏறிய உணவில் வாடையோ ருசி மாற்றமோ தெரியாமலும் இருக்கலாம். நிலக்கடலையிலும் மக்காச்சோளத்திலும் பூஞ்சை பிடித்தால் கழுவிச் சமைத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். அதிலுள்ள அஃப்ளடாக்ஸின் சமைத்தாலும் போகாது.

உயிருக்கு ஆபத்தான இடங்கள் எவை?

மூடிய குழிகள். சாணக் குழி, கழிவுத் தொட்டி, தானியக் குதிர், நெடுநாள் மூடிக் கிடந்த கிணறு. இவற்றின் உள்ளே பிராணவாயு இல்லாமல் இருக்கலாம், ஹைட்ரஜன் சல்பைடு நிறைந்திருக்கலாம். அழுகிய முட்டை வாடை வந்தால் தெரிந்துவிடுமே என்பார்கள். அந்த வாயு அளவு கூடியதும் மூக்கை மரத்துப்போகச் செய்துவிடும், வாடை தெரியாது. ஒருவர் மயங்கி விழுந்ததும் அவரைத் தூக்க அண்ணனோ தம்பியோ இறங்குவார், அவரும் விழுவார். ஒரே குடும்பத்தில் மூன்று பேர் போவது இப்படித்தான். யார் விழுந்தாலும் நீங்கள் இறங்காதீர்கள். தீயணைப்பு வீரர்களைக் கூப்பிடுங்கள்.

தனுர்வாதத் தடுப்பூசியை முன்பே போட்டுக்கொள்ளுங்கள், பத்து வருடத்துக்கு ஒரு முறை. அந்தக் கிருமி மண்ணிலேயே இருக்கிறது. பச்சைப் பாலைக் காய்ச்சாமல் குடிக்காதீர்கள்.

வீடியோ பார்த்தே கற்றுக்கொள்ள முடியாதா?

முடிச்சுப் போடவும் ஒட்டுக்கட்டவும் வீடியோ நன்றாக உதவும், நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். ஆனால் ஈரம், கனம், வாடை, மண்வெட்டி இறங்கும் சத்தம், இவை எதுவும் திரையில் வராது. வேலை தெரிந்தவரோடு ஒரு நாள் நின்றால் பத்து வீடியோவில் விட்டது கிடைக்கும். 1971-ல் இங்கிலாந்தில் சூ காப்பர்ட் என்ற பெண் தொடங்கிய 'வூஃப்' என்ற ஏற்பாடு இப்போது பல நாடுகளில் இருக்கிறது: இயற்கைப் பண்ணையில் வேலை செய்வீர்கள், சாப்பாடும் தங்க இடமும் அவர்கள் தருவார்கள். ஒரே பண்ணைக்கு விதைப்பில் ஒரு முறை, அறுவடையில் ஒரு முறை போங்கள். போகிற இடத்தில் முதல் நாளே கேள்வி மேல் கேள்வி கேட்காமல், கொடுத்த களையை முழுதாக எடுத்து முடியுங்கள். மாலையில் அவர்களே உட்கார வைத்துச் சொல்லித்தருவார்கள்.

வேலையை விட்டுவிட்டு வரலாமா?

உடனே வேண்டாம். இரண்டு முழு வருடம் வேலையையும் நிலத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு வருடம் மழை பொய்க்கும், ஒரு வருடம் கொட்டும். இரண்டையும் பார்த்த பிறகு எடுக்கிற முடிவு நிற்கும்.

எல்லாவற்றையும் நானே செய்தால்தானே தற்சார்பு?

இல்லை. உப்பும் இரும்பும் யார் வீட்டுத் தோட்டத்திலும் விளைவதில்லை. ஒருவர் விதை எடுப்பதில் தேர்ந்தவர், இன்னொருவர் தச்சு வேலையில், இன்னொருவருக்கு ஆட்டு வைத்தியம் தெரியும். நீங்கள் ஒன்றிரண்டில் நன்றாகத் தேறுங்கள், மற்றதில் அவசரத்துக்குச் சமாளிக்கிற அளவு தெரிந்தால் போதும்.

இன்று மாலை ஒரு மணி நேரம் இருக்கிறது, நிலம் இன்னும் இல்லை. எதைக் கற்கலாம்?

வீட்டில் கிடக்கும் பழைய விதை ஏதாவது ஒன்றில் இருபதை எண்ணி எடுங்கள். ஈரத்துணியில் இடைவெளி விட்டு அடுக்கி, சுருட்டி, காற்று கொஞ்சம் புகும்படி ஒரு பையில் போட்டு நிழலில் வையுங்கள். துணி காயாமல் தினமும் தண்ணீர் தெளியுங்கள். பயறு என்றால் நான்கைந்து நாளில், கத்தரி மிளகாய் என்றால் இரண்டு வாரத்தில் எண்ணிப் பாருங்கள். பதினாறு முளைத்தால் 80 சதவீதம், வழக்கம்போல் விதைக்கலாம். பத்துதான் முளைத்தது என்றால் இரண்டு மடங்கு விதைக்க வேண்டும். நான்கைந்துதான் என்றால் அந்த விதையை நம்பாதீர்கள். முளைத்ததை வீணாக்காமல் ஒரு தொட்டியில் நட்டுவிடுங்கள், முளைத்த நாளை நோட்டில் எழுதுங்கள்.